பூஜையில் வைத்த வாள்

ஒரு வாளின் மீது எனக்கு ஒரு வருஷமாகக் கோபம். கோபத்தோடு எழுதினால் கட்டுரை கெட்டுவிடும், ஆறவிட்டு எழுது என்று எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர்கள் சொல்வார்கள். ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. இன்னும் காத்திருந்தால் கோபம் போய் வருத்தம் வந்துவிடும் போலிருக்கிறது. வருத்தப்பட்டு எழுதுவதைவிடக் கோபப்பட்டு எழுதுவது மேல். ஆகவே எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில், திருநின்றவூரைத் தாண்டியதும் வேப்பம்பட்டு வரும். இறங்கினால் மனைப் பிரிவுகளும் புதிய மாடி வீடுகளும் கண்ணில் படும். காலை வண்டிகளில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகிற கூட்டம் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு போகும். இரும்போடு பழகிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். என் நண்பரும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் கணக்கு அதிகாரியாக இருக்கிறார். அவர் தொடுவது இரும்பின் கணக்கை. இரும்பையே தொட்டவர் அவருடைய தகப்பனார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு நண்பர் என்னை அழைத்திருந்தார். போனேன். கூடத்தில் ஒரு மேஜை போட்டு, அதன் மேல் பட்டுத் துணி விரித்திருந்தார்கள். நடுநாயகமாக ஒரு வாள். மூன்றடி நீளம் இருக்கும். பிடி முழுவதும் பொன்னிறம். பிடியின் கோடியில் இருக்கும் குமிழில் தாடி வைத்த ஒரு முகம். தலையில் இரண்டு கொம்பு வைத்த தொப்பி. குறுக்குக் கட்டையின் இரு முனைகளிலும் வாய் பிளந்த நாகங்கள். அலகு நெடுக ஏதோ எழுத்துகள். வாளுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆகியிருந்தன. பக்கத்தில் மடிக்கணினி, கார்ச் சாவி, பேத்தியின் பாடப் புத்தகங்கள். மேஜைக்குக் கீழே தரையில் ஒரு பழைய தகரப் பெட்டி. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். வைக்காமல் விட்டால் தோஷம் என்று வைத்தது போல.

“வைக்கிங் வாள், சார். சேகரிக்கிறவர்களுக்கென்றே செய்வது. பதினோராயிரம் ஆயிற்று” என்றார் நண்பர்.

“பெட்டியில் என்ன?” என்றேன்.

“அது அப்பாவோட பழைய சாமான்.”

பூஜை முடிந்தது. எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும். பேத்தி, “வாளாலேயே நறுக்கலாம் தாத்தா” என்றது. நண்பர் பதறிப்போய், “அது ஷோவுக்கு வைக்கிறதும்மா, கறை பட்டுவிடும்” என்றார். அடுக்களையிலிருந்து அரிவாள்மனை வந்தது. அப்போதுதான் பெரியவர் வாளைக் கையில் எடுத்தார். அலகைத் தட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். பிறகு குமிழைத் திருகினார், கழன்று வந்துவிட்டது. பிடியையும் உருவினார். உள்ளே, அலகின் அடியில், பென்சில் தடிமனுக்கு மரை போட்ட ஒரு கம்பி. “பத்த வெச்சிருக்கான்” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி மாலையைச் சரி செய்துவிட்டு, முற்றத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

அந்த வாள் எந்தக் கம்பெனிச் சரக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. கம்பெனியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் சுவருக்கென்று செய்தார்கள், சுவருக்கென்று விற்றார்கள். என் சண்டை, அதை வாங்கிப் பூஜையின் நடுவில் வைத்த நம்மோடுதான். நண்பர் ஒருவர், நாம் பலர்.

முதலில் அந்த வாளுக்கு உரியவர்கள் யார் என்று பார்ப்போம். வைக்கிங்குகள் வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து கடலோடி வந்தவர்கள். வணிகமும் செய்தார்கள், கொள்ளையும் அடித்தார்கள், குடியேறவும் செய்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை அவர்கள் காலம். ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோவில் கட்டி முடித்ததும், ராஜேந்திரன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் விட்டதும் அதே காலத்தில்தான். அந்த மனிதர்கள் கொம்பு வைத்த தொப்பியோடு போருக்குப் போனதற்குச் சான்று ஒன்றும் கிடையாது. 1943-ல் நார்வேயில் ஒரு விவசாயப் பண்ணையில் கிடைத்த தலைக்கவசம் மொட்டைத் தொப்பி, கொம்பில்லை. கொம்பு நம் மனத்தில் ஏறியதற்குப் பெரிய காரணம் ஒரு நாடகம். 1876-ல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது, உடை அமைத்தவர் கதாபாத்திரங்களின் தலையில் கொம்பு வைத்துவிட்டார். ஆக, என் நண்பர் சந்தனம் பூசியது ஒரு வைக்கிங் வீரனுக்கு அல்ல. ஒரு நாடகக் கம்பெனித் தையற்காரரின் கற்பனைக்கு.

இது வேடிக்கை. வேடிக்கைக்குப் பின்னால் இருப்பதுதான் விஷயம்.

வைக்கிங் காலத்து வாள்களில் ஒரு வகை உண்டு. அலகில் ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயரை இரும்புக் கம்பியால் பதித்திருப்பார்கள். அத்தகைய வாள்கள் ஐரோப்பாவில் ஏறக்குறைய 170 கிடைத்திருக்கின்றன. லண்டனைச் சேர்ந்த ஆலன் வில்லியம்ஸ் என்ற உலோக ஆய்வாளர் அவற்றில் பலவற்றைச் சோதித்துப் பார்த்தார். சிலவற்றின் உருக்கு அந்தக் கால ஐரோப்பாவுக்கே வியப்பான தரம். சிலவற்றின் இரும்போ மட்டம். அவற்றில் பெரும்பாலும் பெயரின் எழுத்தும் குறியும் மாறிக் கிடந்தன. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அந்த வாளுக்குப் போலி வந்துவிட்டது! பெயரைப் பார்த்து வாங்கியவன் களத்தில் ஏமாந்திருப்பான். அங்கே ஏமாந்தவன் திரும்பி வந்து கடைக்காரனிடம் சண்டை போட்டிருக்க முடியாது. அவனுக்கு உயிர் போயிற்று. நமக்குப் பதினோராயிரம் ரூபாய்தான் போயிற்று. அந்த அளவில் நாம் பாக்கியசாலிகள்.

அந்த உயர்ந்த உருக்கு எங்கிருந்து வந்தது? கிழக்கிலிருந்து வோல்கா நதி வழியாக வந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. ஐரோப்பாவிலேயே செய்திருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. நம் நாட்டு உருக்குத்தான் வைக்கிங் வாளாயிற்று என்று மார்தட்ட நான் வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் மூசையில் உருக்குக் காய்ச்சும் வித்தை நம் தென்னாட்டில் இருந்தது என்பதற்கு ஆதாரம் போதும் போதும் என்று கிடக்கிறது.

அந்த வித்தையைச் சொல்கிறேன், கேளுங்கள். மலையடிவாரத்துக் கொல்லன் தேனிரும்பைத் துண்டு துண்டாக வெட்டுவான். களிமண்ணும் உமியும் பிசைந்து செய்த சின்ன மூசையில் அந்தத் துண்டுகளைப் போடுவான். கூடவே ஆவாரம் குச்சி கொஞ்சம். மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளை உலையில் அடுக்கி, கரி போட்டுத் துருத்தி ஊதுவான். சில மணி நேரம் அந்த நெருப்பு குறையவும் கூடாது, பொங்கவும் கூடாது. குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே ஒரு சிறிய உருக்குக் கட்டி. வேலியோரத்தில் நாம் ஏறெடுத்தும் பார்க்காத ஆவாரையும் எருக்கும் செய்த காரியம் இது! சேலம் ஜில்லாவில் வேலை பார்த்த ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830களில் இதை நுணுக்கமாக எழுதிவைத்தார். அவரே பறங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தவர். அதற்கும் முன்னால், 1795-ல், லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த உருக்கைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மின்சாரத்துக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடேயே இதைச் சோதித்துப் பார்த்தார். ‘வூட்ஸ்’ என்று அவர்கள் வாயில் நுழைந்த பெயர் நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ என்பதன் சிதைவு என்பார்கள்.

பெயர் தெரியாத ஒரு கொல்லனின் வேலையைப் புரிந்துகொள்ள ஃபாரடே தலையைக் குடைந்துகொண்டிருக்கிறார். அந்தக் கொல்லனின் பேரப் பிள்ளைகளாகிய நாம் என்ன செய்தோம்?

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையின் கதையைக் கேளுங்கள். 1855-ல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானார். கம்பெனி அரசாங்கம் ராஜ்யத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1860களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பொறுக்கி எடுத்த கொஞ்சம் சென்னை மியூசியத்துக்கு வந்தது. இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். மிகுந்ததில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உடைக்கச் சொன்னவன் அந்நியன். அவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் உடைபடாமல் மிஞ்சியவை எழும்பூரில் நூற்றறுபது வருஷமாக இருக்கின்றனவே, அவற்றைப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? என் நண்பர் பார்த்ததில்லை. வேப்பம்பட்டிலிருந்து எழும்பூர் ஒரு மணி நேரம். அந்த வாளோ கடல் கடந்த கற்பனை, அவர் வாசலுக்கே வந்து கதவைத் தட்டியது.

அந்தத் தஞ்சாவூர் வாள்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி உண்டு. அவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பறங்கியரிடம் வாங்கிய அலகு. அதற்கு நம் கம்மாளர்கள் தம் கைவேலையால் யாளியும் கிளியுமாகப் பிடி செய்து பூட்டினார்கள். அந்நியப் பொருள் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. நல்ல இரும்பு எங்கே இருந்தாலும் வாங்கினார்கள். அழகைத் தம் கையால் செய்துகொண்டார்கள். நாமோ தலைகீழ். அழகை அந்நியனிடம் வாங்குகிறோம். இரும்பு இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. இந்த ஒரு மாற்றத்தில் நம் இருநூறு வருஷச் சரித்திரம் அடங்கிவிட்டது.

“வெறும் அலங்காரப் பொருள் ஐயா, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம்?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மனிதன் தன் சுவரில் மான்தலை மாட்டுகிறான், நீர்வீழ்ச்சிப் படம் மாட்டுகிறான்; வாள் மாட்டினால் என்ன? சுவரில் மாட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பூஜையில் வைத்ததுதான் என் வழக்கு. ஆயுதம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் போர்க்கருவி என்று பொருள் இல்லை. தையற்காரர் கத்திரிக்கோலை வைப்பார், கடைக்காரர் தராசை வைப்பார், உழவர் கொழுவை வைப்பார், என்னைப் போன்றவர்கள் பேனாவை வைப்போம். நமக்குச் சோறு போட்டது எதுவோ அதற்குச் செய்யும் நன்றி அது. அந்த வீட்டுக்குச் சோறு போட்டது எது? மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தது எது? நண்பரைக் கணக்கு அதிகாரியாக்கியது எது? தகரப் பெட்டியில் கிடந்த அரமும் சுத்தியும் மூலைமட்டமும். அவை தரையில். எலுமிச்சம்பழத்துக்குப் பயந்த வாள் மேஜையில். இது அலங்காரமா? நன்றி கெட்டதனம் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதுதான் இதற்குப் பெயர்.

இன்னொருவர் சொல்வார்: “போலி வாள் செய்வதும் தொழில்தானே? நம் தேசத்தாரே செய்கிறார்களே?” உண்மை. டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் என்ற ஆலை, பல நாட்டு ராணுவங்களுக்கு அணிவகுப்பு வாள் செய்து அனுப்புகிறது. வைக்கிங் வாளின் பிரதியும் செய்து அமெரிக்காவில் விற்கிறது. அந்தத் தொழிலாளியை நான் பழிக்கவில்லை. அவன் வெட்டுகிறான், அடிக்கிறான், தீட்டுகிறான்; அவனுக்கு அது பிழைப்பு. அவன் வீட்டு ஆயுத பூஜையில் அவன் சுத்தியல் நடுவில் இருக்கட்டும். ஆனால் அவன் செய்த வாளை வாங்குகிற நாம் அவனை நினைக்கிறோமா? நினைப்பது கொம்புத் தொப்பிக்காரனைத்தானே!

பிரதி செய்வதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபரர் என்று ஒரு கொல்லர். உல்ஃப்பெர்ட் வாளை மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று முனைந்தார். தானே மூசையில் உருக்குக் காய்ச்சினார், தானே அடித்தார், தீட்டினார். 2012-ல் அது தொலைக்காட்சிப் படமாக வந்தது. அதுவும் பிரதிதான். ஆனால் அவர் பிரதி எடுத்தது பழைய கொல்லனின் உழைப்பை. அப்படி ஒரு பிரதி என் நண்பர் வீட்டில் இருந்திருந்தால் நானே சாமந்தி வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பெரியவர் குமிழைத் திருகியிருக்கவும் மாட்டார், திருகினாலும் கழன்றிருக்காது.

நடுத்தர வர்க்கத்தாரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாடே இப்படித்தான் இருக்கிறது. மேடை தோறும் தலைவர்களுக்கு வீரவாள் பரிசளிக்கிறோம். வெள்ளி முலாம் மின்னும், தலைவர் அதை உயர்த்திப் பிடிப்பார், படம் எடுப்பார்கள். அந்த வாளைச் செய்த ஆசாரியின் பெயரை எந்த மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அதே சமயம், திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் நமக்கு நடுக்கம். இளநீர் சீவவும் கருவேலம் வெட்டவும் பட்டறையில் அடித்த உண்மையான இரும்பு அது. 2021-ல் தமிழகப் போலீஸார், அரிவாள் வாங்குகிறவர்களின் பெயரையும் விலாசத்தையும் எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குச் சொன்னார்கள். கொலை நடக்கிறது, போலீஸாருக்கு அவர்கள் நியாயம் உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வேலை செய்கிற இரும்பைக் கண்டால் சந்தேகம். வேலைக்கு உதவாத இரும்பைக் கண்டால் சந்தனம்.

2025 ஜனவரியில் நம் அரசாங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தியது என்றது. ஆண்டுக் கணக்கை ஆய்வாளர்கள் சோதித்துத் தீர்மானிக்கட்டும். மறுநாள் நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். என் நண்பரும் எனக்கு அந்தச் செய்தியை அனுப்பியிருந்தார். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பு இரும்பைத் தொட்டவனைப் பற்றிப் பெருமைப்பட நமக்குத் தெரிகிறது. முப்பத்தைந்து வருஷம் இரும்பைத் தொட்டவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார்; அவரைப் பற்றி நமக்கு வெட்கம். பட்டறை வேலை என்று வெளியே சொல்லக் கூச்சம். பெருமைக்கு உரியவன் செத்து மண்ணுக்குள் போயிருக்க வேண்டும், அல்லது கடலுக்கு அப்பால் பிறந்திருக்க வேண்டும். இதுதான் நம் சட்டம் போலிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி உலைகளை ஒரு தடவை நண்பரோடு போய்ப் பார்த்தேன். ஓட்டை உடைசல் இரும்பையெல்லாம் மின் உலையில் கொட்டி உருக்குகிறார்கள். அது பாளமாகி, கம்பியாகி, வேப்பம்பட்டு மாடி வீடுகளின் தூணுக்குள் போய் நிற்கிறது. உலை வாயருகே நின்றவர்கள் பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். இருபது வயசு, இருபத்திரண்டு வயசு. முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது. ஆவாரம் குச்சியும் எருக்கிலையும் போட்ட கொல்லனின் இன்றைய வாரிசு அந்தப் பிள்ளைகள்தான். நண்பரின் வீடும் அவர்கள் உருக்கிய இரும்பைப் போன்றதன் மேல்தான் நிற்கிறது. அந்தக் கம்பி சிமெண்டுக்குள் மறைந்துவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. தெரிகிற இடத்தில் தொங்குவது, பற்ற வைத்த வாள்.

இத்தனை சொல்லிவிட்டு வாளைத் தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன். பதினோராயிரம் ரூபாய், கணக்கு அதிகாரிக்கு அது வலிக்கும். சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளட்டும். பேத்திக்கு வைக்கிங் கதை சொல்லட்டும். கொம்பு பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையை எழும்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்த் தஞ்சாவூர் வாள்களைக் காட்டட்டும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வருகிறது. நண்பர் இந்தக் கட்டுரையைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டும். அரத்துக்கு எண்ணெய் போட்டு, துரு போகத் துடைத்து, பட்டுத் துணியின் நடுவில் வைக்க வேண்டும். சந்தனத்தை நீங்கள் வைக்காதீர்கள். உங்கள் தகப்பனாரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த அரம் எதற்கு என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். நேரமாகும். பொங்கலும் சுண்டலும் ஆறிப்போகும். ஆறட்டும்.